புத்தகக்கடையில் கொப்பி விற்றால் என்ன குற்றம்?

"கிளிநொச்சியில் உருப்படியான ஒரு புத்தகக்கடை இல்லை" என்று நண்பர்கள் சிலர் அடிக்கடி எழுதுகிறார்கள். உள்ளே போனால் கொப்பி, பேனை, கடந்தகால வினாத்தாள். இலக்கியம் மூலையில் தூசி பிடித்துக் கிடக்கிறதாம். சரி, கிடக்கிறதுதான். ஆனால் அந்த மூலைக்கும் சேர்த்து வாடகை கட்டுவது கொப்பிதான்.

பள்ளிக்கூடம் வழமையாக ஜனவரியில் தொடங்கும். மாரிமழையை நம்பி விதைக்கும் காலபோக நெல்லை வெட்டிக் காசு கைக்கு வர பெப்ரவரி, மார்ச் ஆகிவிடும். நடுவில், கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியின் கடைக்காரர் கடன் எழுதியே ஆகவேண்டும். அந்தக் காசாவது அறுவடையோடு திரும்பும். ஒரு கவிதைத் தொகுப்பில் போட்ட முதல் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? முன்பு பாடநூல் விற்பனை கைகொடுத்தது. 1980இல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதோடு அதுவும் போயிற்று. (பிள்ளைகளுக்கு அது நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை.)

காசையும் பண்பாட்டையும் எதிரெதிரே நிறுத்துவது எங்கள் பழக்கம். லண்டனில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்றொரு வியாபாரி இருந்தார். சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர். அந்தக் காலத்து வழக்கம், தேங்கிய பிரதிகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டு மிச்சத்தை முழுவிலைக்கு விற்பது. இவர் அத்தனையையும் வைத்து மலிவாக விற்றார். கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். மற்றக் கடைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். மனிதர் பணம் பண்ணத்தான் வந்தார், பண்ணவும் செய்தார். புத்தகம் வாங்கவே முடியாதவர்களின் கைக்கும் அதனால் புத்தகம் போனது.

1981 ஓகஸ்டில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர் தீர்மானிப்பார், எந்தக் கடையும் அதில் 5 வீதத்துக்கு மேல் கழிவு கொடுக்கக்கூடாது. பெரிய கடைகள் விலையை வெட்டிச் சின்னக் கடைகளை விழுங்காமல் இருக்கத்தான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்தார்கள். பூபாலசிங்கம் புத்தகசாலையும் அப்போது எரிந்தது. நூலகத்தை நினைவுகூருகிறோம், கூரத்தான் வேண்டும். எரிந்தபின் எழும்பித் திரும்பவும் வியாபாரம் செய்த கடையைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

வன்னிக் கதை இன்னும் மோசம். 2002இல் வன்னி ஊடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தபோது கொழும்புப் புத்தகமும் தமிழ்நாட்டுப் புத்தகமும் லொறியில் வந்தன. 2006 ஓகஸ்டில் சண்டை மூண்டு பாதை மூடியது. அப்புறம் இடப்பெயர்வு. புத்தகம் பாரம்; அரிசி மூட்டையா புத்தகக் கட்டா என்றால் எவரும் அரிசியைத்தான் தூக்குவார்கள். 2009இல் போர் முடிந்தபிறகு தகரக் கொட்டிலில் திரும்பவும் தொடங்கிய கடைக்காரர் எதை வாங்கி அடுக்குவார்? கொப்பியைத்தான்.

என் கோபம் எங்கள் வெளியீட்டு விழாக்கள் மீது. முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை. வர்த்தகர்கள் வரிசையாக என்வலப்போடு மேடை ஏறுகிறார்கள். அச்சுச் செலவு அன்றைக்கே வந்துவிடும், பிரதியும் மண்டபத்தோடு முடிந்துவிடும். வாங்கியவர்களில் பாதிப்பேர் அட்டையைக்கூடத் திறப்பதில்லை. அந்தப் புத்தகத்தைப் படிக்க விரும்பும் முல்லைத்தீவுப் பிள்ளை கடையில் கேட்டால் "இல்லை". கடைக்காரர் கழிவு கேட்டால் மட்டும் நாங்கள் "கொள்ளை" என்கிறோம். விற்ற காசைத் தராமல் இழுத்தடிக்கும் கடைகளும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்கு மருந்து ரசீதும் தவணையும்தானே, கடையையே ஒதுக்கிவிடுவதா? 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா இதழ்களைத் தானே சுமந்துபோய் விற்றார். விற்பது அவருக்கு இழுக்காகப் படவில்லை.

ஆகவே அடுத்த வெளியீட்டுக்கு அழைப்பிதழ் அடிக்கிறவர்கள், விருந்தினர் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: மறுநாள் காலையிலிருந்து கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியாவில் எந்தக் கடையில் புத்தகம் கிடைக்கும், விலை என்ன. 300 பிரதி அடித்தால் 50ஐ மண்டபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் நாளே கடையில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.