அமெரிக்கக் கறுப்பர்களின் ஓட்டு போனது 1877ல் இல்லை
அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே நின்ற மத்திய அரசின் ராணுவம் 1877ல் ஒதுங்கிய அன்றோடு கறுப்பர்களின் ஓட்டுரிமை முடிந்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது அவசரக் கணக்கு. வட கரோலினாவிலிருந்து ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என்ற கறுப்பர் 1901 வரை அமெரிக்க காங்கிரஸில் உட்கார்ந்திருந்தார், கறுப்பர் ஓட்டு இல்லாமல் அவர் எப்படி ஜெயித்திருப்பார்? கறுப்பர்களை மிரட்டத் துப்பாக்கி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை, 1873ல் லூசியானா மாநிலத்தின் கோல்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களைக் கொன்றது படுகொலைதான், ஆனால் ஓட்டுரிமைக்குப் பூட்டுப் போட்டது காகிதம், அதாவது சட்டம். மிசிசிப்பி மாநிலம் 1890ல் புது அரசியல் சட்டம் எழுதி 2 டாலர் ஓட்டு வரி போட்டது, அப்புறம் சட்டத்தில் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், முடியாவிட்டால் வாசிக்கக் கேட்டு அர்த்தம் சொல்ல வேண்டும் என்றது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் 'படித்தவனுக்கு மட்டும் ஓட்டு என்றால் என்ன தப்பு' என்று கேட்டிருக்கிறார். சரி, கேள்வித்தாள் யார் கையில்? எந்தப் பிரிவைக் கேட்பது, சொன்ன பதில் சரியா தப்பா என்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெள்ளைக்கார அதிகாரியின் இஷ்டம். படிக்காத வெள்ளையருக்கோ லூசியானா 1898ல் கொல்லைவாசலே திறந்துவிட்டது: 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஓட்டு இருந்திருந்தால் எழுதப் படிக்கத் தெரியுமா என்ற பரீட்சை வேண்டாமாம். அந்தத் தேதியில் அங்கே கறுப்பர்களுக்கு ஓட்டே கிடையாது, தேதியைத் தேடிப்பிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மாநிலத்தில் 1896ல் பதிவாகியிருந்த கறுப்பு வாக்காளர்கள் சுமார் 1,30,000 பேர், 1904ல் 1,342 பேர்.