சதுப்பில் ஓநாய் வாழாதா?

"சதுப்பு நிலத்தில் ஓநாய் இனம் எதுவும் பிழைக்காது, கால் புதைந்து பட்டினியில் சாகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அமெரிக்காவின் சிவப்பு ஓநாய் (நம்ம ஊர் செந்நாய் இல்லை, அது வேறு) கடைசியாகத் தாக்குப்பிடித்ததே டெக்சாஸ், லூசியானா கடலோரச் சதுப்புகளில்தான். 1987-இல் அதைத் திரும்பக் காட்டில் விட்ட இடமும் வட கரோலினாவின் ஈரக்காடு. மான், முயல், ரக்கூன், நீர்நிலையோரக் கொறிணிகள் என்று இரைக்குப் பஞ்சமில்லை. குட்டி போட மட்டும் கொஞ்சம் மேடான, காய்ந்த இடம் வேண்டும்.

ஓநாயின் தூரத்து உறவான தென் அமெரிக்கப் புதர்நாயின் பாதத்தைப் பாருங்கள்: விரல்களுக்கு இடையே சவ்வு! தண்ணீருக்குள் இறங்கியே இரையைத் துரத்தும்.

சரி, தொல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. சேறு அல்ல, கொசு. அது கடித்துப் பரப்பும் இதயப்புழு அந்தக் கடைசி ஓநாய்களை வாட்டி எடுத்தது.