டப்பாவின் அடியில் இருக்கும் ஓர் எழுத்து

போன மாதம் துபாயில் நண்பர் வீட்டில் முதன்முறையாகக் கறுப்புக் கேவியர் என்னும் மீன் சினையைச் சாப்பிட்டேன். 30 கிராம் டப்பா, நாங்கள் ஐந்து பேர். உலோகக் கரண்டி பட்டால் ருசி மாறிவிடும் என்று சிப்பி ஓட்டில் செய்த சின்னக் கரண்டி கொடுத்தார். நாக்கில் வைத்து அண்ணத்தோடு அழுத்தினால் மணிமணியாக உடைகிறது. முதலில் மெல்லிய உப்பு, அப்புறம் வெண்ணெய் மாதிரி ஒரு கொழுப்பு, கடைசியில் கடல் வாசம். எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது.

"எந்த ஊர்ச் சரக்கு?" என்று ஒருவர் கேட்டார். நண்பர் குரலைத் தாழ்த்தி, "சைனாதான், பண்ணையில் வளர்த்தது" என்றார், ஏதோ போலிப் பொருளைப் பரிமாறிவிட்டவர் போல. அந்தக் கூச்சம்தான் இத்தனை நாளாக என்னை உறுத்துகிறது.

கேவியர் என்பது ஸ்டர்ஜன் மீனின் சினை. காஸ்பியன் கடலின் பெலுகா, ஒசேத்ரா, செவ்ருகா என்ற ஸ்டர்ஜன் வகைகள் மூன்றும்தான் காலங்காலமாகப் பேர்போனவை. இதில் பெலுகா பெண்மீன் சினை பிடிக்கவே சுமார் 15 வருடங்களாவது ஆகும். சினை பிடித்த பிறகும் வருடா வருடம் முட்டையிடாது. அப்படிப்பட்ட மீனின் வயிற்றைக் கிழித்துத்தான் அந்தச் சினையை எடுத்தார்கள். முட்டையிட, காஸ்பியனில் கலக்கும் வோல்கா நதியில் ஏறிவரும் மீன்களை வோல்கோகிராத் அணை மறித்தது. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும் கண்காணிப்பு தளர்ந்து திருட்டு மீன்பிடிப்பு தலைவிரித்தாடியது. அரிய உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்ஸ் ஒப்பந்தம் 1998 முதல் எல்லா ஸ்டர்ஜன் இனங்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அப்படியும் 2022 கணக்கெடுப்பில், மிஞ்சியிருக்கும் 26 இனங்களுமே அழிவின் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. படித்தபோது மனசு கனத்துப்போனது.

இதற்குப் பிறகும் 'காட்டு மீன்தான் அசல், பண்ணை மீன் மட்டம்' என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பண்ணையிலும் பெரும்பாலும் மீனைக் கொன்றுதான் சினை எடுக்கிறார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் நதியில் மிச்சமிருக்கும் தாய்மீன் அங்கே சாவதில்லை.

ருசி குறையும் என்பதையும் நான் நம்பவில்லை. இன்று உலகத்திலேயே அதிகமாகக் கேவியர் தயாரிப்பது சீனா. ஜெஜியாங் மாகாணத்தின் சியான்தாவ் ஏரியில் வளரும் ஸ்டர்ஜனின் சினை ஐரோப்பாவின் பெரிய உணவகங்களுக்கே போகிறது. பாதி ருசி கைப்பக்குவத்தில் இருக்கிறது: சினையைச் சல்லடையில் மெதுவாகத் தேய்த்துச் சவ்விலிருந்து பிரித்து, அலசி, அளந்து உப்புப் போட வேண்டும். உப்பைக் குறைவாகப் போட்டதற்கு ரஷ்ய மொழியில் 'மாலோசோல்' என்று பெயர். உப்பு கூடினால் எந்தக் கடல் மீனாக இருந்தாலும் போச்சு.

வாங்குகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து மீன் இனம். அடுத்த ஓர் எழுத்துதான் முக்கியம். 'டபிள்யூ' என்றால் இயற்கை நீர்நிலையில் பிடித்தது, 'சி' என்றால் வளர்ப்பு. அதற்கடுத்து நாடு, சினை எடுத்த வருடம். 'டபிள்யூ' இருந்தாலோ, குறியீடே இல்லாவிட்டாலோ தயவுசெய்து அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.

நண்பர் வீட்டு டப்பாவில் இருந்தது 'சி'. அடுத்த முறை யாராவது கேட்டால் அவர் சத்தமாகவே சொல்லட்டும்.