'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்குச் சாபமெல்லாம் இல்லை

பழைய பேய்ப்படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் 1973-இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' வராமல் இருக்காது. கூடவே அதன் சாபக்கதையும் வரும். செட் எரிந்ததாம், நடிகைகளுக்கு அடிபட்டதாம், எல்லாம் பேயின் வேலையாம். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

செட் எரிந்தது உண்மைதான். மின்பெட்டிக்குள் பறவை புகுந்ததால் தீப்பிடித்தது என்பார்கள். கதையில் பேய் பிடிக்கும் சிறுமியின் படுக்கையறை மட்டும் தப்பிவிட்டது. கதைக்குக் கை கால் முளைக்க அது போதாதா?

ஆனால் அந்தச் சிறுமியின் தாயாக நடித்த எலன் பர்ஸ்டினுக்கு அடிபட்டதில் பேய்க்கு என்ன வேலை? மகள் அறைந்து தாய் தெறித்து விழும் காட்சி அது. பர்ஸ்டினின் உடம்பில் கயிறு கட்டிப் பின்னாலிருந்து ஒருவர் இழுக்க வேண்டும். ரொம்ப வேகமாக இழுக்கிறார், எனக்கு அடிபடப் போகிறது என்று இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினிடம் முன்பே எச்சரித்ததாக பர்ஸ்டினே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்புறமும் அப்படித்தான் இழுத்தார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதி தரையில் மோதியது. இன்றும் படத்தில் நாம் கேட்பது வலியில் அவர் நிஜமாகவே போட்ட அலறல். சிறுமியாக நடித்த லிண்டா பிளேர் அப்போது பதின்வயதைத் தொட்டிருந்த பிள்ளை. அவரைக் கட்டிலில் தூக்கித் தூக்கிப் போடும் கருவியின் கட்டு தளர்ந்து, அவருக்கும் முதுகில் அடி. மூச்சுக்காற்று புகையாகத் தெரிய அறையையே உறைபனிக் குளிருக்குக் கொண்டுபோனார்கள். சுற்றி நின்றவர்கள் கனத்த கோட்டுகளில். அந்தப் பிள்ளை மெல்லிய இரவு உடையில்.

சாபம் என்று சொல்லும்போது இதற்கெல்லாம் யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடுகிறது.

யாரையும் நோகடிக்காமல் மிரட்ட முடியும் என்பதற்கு அதே படத்தில் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் இருக்கிறார். கிழப் பாதிரியாராக வரும் மாக்ஸ் வான் சிடோவுக்கு அப்போது வயது நாற்பதுகளின் முற்பாதிதான். அந்த முதுமை முழுக்க ஸ்மித்தின் ஒப்பனை. தொங்கும் கழுத்துத் தோலையும் கண்ணோரச் சுருக்கங்களையும் நெருக்கமான ஷாட்களில் நிறுத்திப் பாருங்கள், ஒட்டிய இடம் தெரியாது.

அப்புறம் அந்தக் குரல். பேயாகப் பேசியவர் மெர்சிடஸ் மெக்கேம்பிரிட்ஜ், ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கிய நடிகை. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட்டாக ஊதித் தள்ளி, நாற்காலியில் தன்னைக் கட்டச் சொல்லி அந்தக் கரகரப்பைக் கொண்டுவந்தார். படம் வெளியானபோது அவர் பெயர் திரையில் இல்லை. நடிகர் சங்கம் வரை போய்ப் போராடித்தான் வாங்கினார். சாபக்கதையை வரி விடாமல் ஒப்பிக்கிறவர்கள் இவர் பெயரை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. எனக்கு ஆறாத ஆத்திரம் அதில்தான்.