பால்வாளி அடுப்பு: ஒரு திருத்தம்
மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீடுகளில் கிடக்கும் துத்தநாகம் பூசிய கித்தா (ரப்பர்) பால்வாளியில் துளையிட்டு அடுப்பாக்கி, ஒருமுறை வெறும் விறகை எரித்துவிட்டால் பூச்சு முழுவதும் போய்விடும், பிறகு கோழி சுடலாம் என்று ஓர் அன்பர் எழுதியிருப்பது சரியன்று. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகி, 907 பாகையில் கொதிக்கிறது. நன்றாகக் காற்றூதிய கரித்தணல் அந்த வெப்பத்தையும் எட்டக்கூடியது என்பதால், அந்த முதல் எரிப்பே ஆபத்தான வேலை. அதில் எழும் வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தே குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும் (மழையில் நனைந்ததால் வந்தது என்றே பலரும் நினைத்துக்கொள்வார்கள்). அதன் பிறகும் விளிம்புச் சுருளிலும் அடிமடிப்பிலும் பூச்சு எஞ்சியிருக்கும். பழைய சலவை இயந்திரத்தின் துருப்பிடிக்காத எஃகு உருளை, பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டால், இதைவிடத் தகுந்தது. காற்றுத் துளைகளும் அதில் ஏற்கெனவே உள்ளன. ஆனால் அதன்மேல் பழைய ஐஸ்பெட்டியின் கம்பித்தட்டை வைக்க வேண்டாம். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் பூச்சு இருக்கலாம்.