ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை அறுவடை
இயந்திரம் வந்தபின் ஓர் ஏக்கர் நெல் அறுவடை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று அறுவடை இயந்திரங்களைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். தஞ்சைப் பகுதியில் என் சிறுவயதில் கதிர் அரிவாளால் அறுத்த தாளை அரி அரியாக (கைப்பிடி கைப்பிடியாக) வயலிலேயே பரப்பிக் காயவிட்டு, பிறகு கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோய் அடித்துத் தூற்றுவார்கள்; அந்தத் தாமதத்திலேயே நெல்லின் ஈரம் பெருமளவு இறங்கிவிடும். இப்போது நிற்கும் பயிரிலிருந்தே நெல் நேராக டிராக்டர் பெட்டிக்குப் போய்விடுவதால், குறிப்பாகப் புரட்டாசி, ஐப்பசி மழையில் சிக்கும் குறுகிய காலப் பயிரான குறுவை நெல், அரசுக் கொள்முதலுக்கான 17 விழுக்காடு ஈரப்பத வரம்பை அடிக்கடி தாண்டி நிற்கிறது. வயலில் மிச்சமான நேரம் தார்ச்சாலையில் நெல்லைக் கிளறிக் காயவைப்பதில் செலவாகிறது. வைக்கோல் முழுவதும் வீணாகிறது என்று அந்தக் கட்டுரை குறித்து முன்னர் ஒருவர் எழுதியதை ஏற்க இயலவில்லை: எங்கள் பக்கம் அதையும் இயந்திரத்தால் கட்டுகளாகச் சுருட்டி விற்கிறார்கள் (நசுங்கிய வைக்கோலை எங்கள் மாடுகள் முன்போல் விரும்பித் தின்பதில்லை என்பது வேறு). கட்டுரை தொடாத இழப்பு கூலியில் இருக்கிறது. அறுத்தவர்களுக்கு அன்று களத்திலேயே நெல்லாக அளந்த கூலி பல வீடுகளில் சில மாதச் சோற்றுக்கு ஆதாரமாக இருந்தது. இயந்திர வாடகையோ எங்கள் ஊரில் பெரும்பாலும் வெளியூர் உரிமையாளருக்கே போய்ச் சேர்கிறது.