ஆடிக்கூழ்ப் பாட்டில் ஏக்கம் எங்கே இருக்கிறது?

ஆடி முதல் நாள் வந்தால் போதும், "ஆடிப் பிறப்புக்கு நாளை விடுதலை" பாட்டைப் பகிர்ந்து, "அந்தக் காலம் இனி வருமா" என்று கண்ணைக் கசக்குவது ஊரைவிட்டு வந்த ஈழத்து எங்கட ஆக்களின் வழக்கம். ஆடி பிறக்கும் நாளில் கூழும் கொழுக்கட்டையும் செய்து உண்பதைப் பிள்ளைகள் பாடும் பாட்டு அது. நானும் கசக்கியவன்தான். இந்தமுறை சீர் பிரித்துப் பார்த்தேன்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878-1953) எடுத்தது கும்மி மெட்டு. முதல் அரையடிக்கு நாலு சீர், அடுத்ததற்கு மூன்று. ஆடிப், கூடிப் என்று எதுகை. ஆடிக்கு ஆனந்தம், கூடிக்குக் கொழுக்கட்டை என்று மோனை. மூன்றாம் கண்ணியில் (பாட்டின் ஒரு பத்தி) 'தோண்டி'க்கு 'சுற்றி' நிற்கும். காதுக்குப் பொருந்தாததுபோல இருக்கும். ஆனால் தகரத்துக்குச் சகரம் மோனை இனம், ஓகாரத்துக்கு உகரமும் அப்படியே. மனுஷன் கூழ் காய்ச்சும்போதும் யாப்பைக் கைவிடவில்லை!

பேச்சுவழக்கும் அதே சந்தத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. "பூவைத் துருவி" என்றால் மல்லிகையல்ல, தேங்காய்ப்பூ. பனங்கட்டி என்பது தமிழகத்தின் கருப்பட்டி. 'விடுதலை'யைப் பார்த்துவிட்டு மதுரை நண்பர் ஒருவர் இது சுதந்திரப் பாட்டா என்று கேட்டார். பள்ளிக்கூட லீவு ஐயா!

என்னை மயக்கியது வேறொன்று. பாசிப்பயறு வறுத்து, குற்றி, இடித்து, தெள்ளி, அவித்து, துருவி, கலந்து, குழைத்து, திரட்டி... வரிக்கு வரி முடிவுபெறாத வினையெச்சமாகவே போகிறது. யார் செய்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று கண்ணி காத்திருந்த பிறகுதான் "அம்மா அவிப்பாளே" என்று எழுவாயும் பயனிலையும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. அடுப்படி வாசலில் குந்தியிருக்கிற பிள்ளையின் பொறுமையின்மையை வாக்கிய அமைப்பே செய்து காட்டிவிடுகிறது. கொழுக்கட்டை அவியும்வரை வினைமுற்றும் கிடையாது.

அந்த முற்றுகளையும் பாருங்கள்: அவிப்பாளே, படைப்போமே, குடிப்போமே. ஒன்றுகூட இறந்தகாலம் இல்லை. பாட்டு முழுக்க நாளையைப் பார்த்தபடி நிற்கிறது. ஏக்கம் புலவருடையதல்ல, ஊரைவிட்டு வந்த நாங்கள் பிறகு ஊற்றியது.

நம்பாவிட்டால், "கொழுக்கட்டை தன்னைக் கடிப்போமே" என்பதை "கடித்தோமே" என்று மாற்றி ஒருதரம் பாடிப் பாருங்கள். சந்தம் அசையாது. கூழ்தான் ஆறிப்போயிருக்கும்.